உங்கள் பழைய வலைப்பூ இப்போது திறக்கிறதா? சத்தமில்லாமல் அழியும் இணைய எழுத்து... காப்பாற்றுவது எப்படி?

2006-லோ 2009-லோ நீங்கள் ஒரு வலைப்பூ தொடங்கியிருக்கலாம். கவிதை, சினிமா விமர்சனம், ஊர்க்கதை என நாற்பது ஐம்பது பதிவு போட்டுவிட்டு, ஃபேஸ்புக் வந்ததும் அப்படியே விட்டிருப்பீர்கள். அதன் முகவரியை இப்போது போனில் ஒருமுறை தட்டிப் பாருங்கள். திறந்தால் சந்தோஷம். 'இந்தப் பக்கம் இல்லை' என்று வந்தால், அந்த வரிசையில் உங்களுக்கு முன்னால் நிறைய பேர் நிற்கிறார்கள்.

உதாரணத்துக்கு டைப்பேட். 2003-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட இந்த வலைப்பதிவுத் தளம், 2025 செப்டம்பர் 30-ம் தேதியோடு மூடப்பட்டது. அறிவிப்பு வந்தது ஆகஸ்ட் கடைசியில். 22 வருஷ எழுத்தை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப, எழுதியவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சுமார் ஒரு மாதம்தான்.

இது ஏதோ ஒரு கம்பெனியின் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-ல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருஷம் கழித்துத் திறக்கவில்லை.

வலைப்பூ எப்படி வந்தது?

1997-ல் ஜோர்ன் பார்கர் என்பவர், தான் இணையத்தில் படித்ததைக் குறித்து வைக்கும் பக்கத்துக்கு 'வெப்லாக்' என்று பெயர் வைத்தார். 1999-ல் பீட்டர் மெர்ஹோல்ஸ் என்பவர் அதை 'வீ பிளாக்' என்று விளையாட்டாக உடைத்துச் சொல்ல, 'பிளாக்' ஒட்டிக்கொண்டது. அதே ஆண்டு பிளாகர் சேவை வந்தது. 2003-ல் அதை கூகுள் வாங்கியது. பிளாகரை உருவாக்கியவர்களில் ஒருவரான இவான் வில்லியம்ஸ்தான் பிறகு ட்விட்டரைத் தொடங்கியவர்களிலும் ஒருவர்.

தமிழுக்கு இது ஏன் பெரிய விஷயம்?

இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது. 90-களில் கணினியில் தமிழ் எழுதுவது என்பது பெரும் தலைவலி. ஒவ்வொரு எழுத்துருவுக்குள்ளும் ஒவ்வொரு கணக்கு. ஒரு எழுத்துருவில் 'அ' இருக்கும் எண்ணில், இன்னொன்றில் 'கு' உட்கார்ந்திருக்கும். எழுதியவர் வைத்திருக்கும் எழுத்துரு படிப்பவரிடம் இல்லாவிட்டால் திரையில் தெரிவது தமிழே இல்லை, ஏதோ கிறுக்கல். டிஸ்கி, டேப், டேம், பாமினி எனப் பல முறைகள் ஓடிக்கொண்டிருந்தன. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் இதை ஒழுங்குபடுத்த முயற்சி நடந்தது. அப்படியும் ஒரே முறைக்கு எல்லாரும் வந்துவிடவில்லை.

யூனிகோடு வந்த பிறகுதான் நிலைமை மாறியது. உலகில் எந்தக் கணினியாக இருந்தாலும் ஒரு எழுத்துக்கு ஒரே எண். விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் 'லதா' என்ற யூனிகோடு தமிழ் எழுத்துருவும் சேர்ந்தே வந்தது. எ-கலப்பை போன்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொண்டால் 'ammaa' என்பதற்குரிய ஆங்கில விசைகளைத் தட்டினாலே 'அம்மா' வந்துவிடும். சரியாக இந்த நேரத்தில்தான், 2003 வாக்கில், தமிழ் வலைப்பூக்கள் பூக்கத் தொடங்கின. பத்திரிகை ஆசிரியரின் ஒப்புதல் வேண்டாம், அச்சகம் வேண்டாம், காசும் வேண்டாம். திருநெல்வேலியில் இருப்பவரும் டொரண்டோவில் இருப்பவரும் யாழ்ப்பாணத்தில் இருப்பவரும் ஒரே இரவில் ஒரே விஷயத்துக்கு அடித்துக்கொண்டார்கள்.

அவர்களை ஒரே இடத்தில் காட்டியது 'திரட்டி'. 2004-ல் வந்த தமிழ்மணம் அதில் முக்கியமானது. பிறகு தேன்கூடு, தமிழ்வெளி, தமிழிஷ் என வரிசையாக வந்தன. இவை வேலை செய்த விதம் எளிது. ஒவ்வொரு வலைப்பூவும் புதுப் பதிவின் தலைப்பையும் சுருக்கத்தையும் 'ஆர்எஸ்எஸ் ஓடை' என்ற சின்னக் கோப்பாகத் தானே வெளியிடும். திரட்டி அதை எடுத்து நேர வரிசையில் அடுக்கும். எதை மேலே காட்டலாம் என்று தீர்மானிக்கும் அல்காரிதம் எல்லாம் கிடையாது. கடைசியாக எழுதியவர் மேலே, அவ்வளவுதான். (அப்புறம் ஓட்டு, தர வரிசை என்று வந்தது, அதற்கும் சண்டை நடந்தது!)

பதிவர், பின்னூட்டம், திரட்டி, ஓடை என அந்தக் கூட்டம் புழக்கத்தில் விட்ட சொற்களைப் பாருங்கள். யாரும் குழு போட்டுத் திணிக்கவில்லை, பேசிப் பேசியே நிலைத்தது. கூடவே அனானி, மொக்கை, கும்மி என்ற இன்னொரு அகராதியும் ஓடியது. பெயர் சொல்லாமல் திட்டுபவர் அனானி. விஷயமே இல்லாத பதிவு மொக்கை. பதிவை விட்டுவிட்டுப் பின்னூட்டத்தில் கூட்டமாகச் சேர்ந்து கலாய்ப்பது கும்மி. இன்றைய மீம் பக்கங்களின் தாத்தா பாட்டி இவர்கள்தான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

வேடிக்கைக்கு நடுவே ஆவணமும் இருந்தது. 2004 சுனாமி, 2009 ஈழப்போரின் இறுதி நாட்கள் பற்றி அந்தந்த வாரமே சாதாரண மனிதர்கள் தமிழில் எழுதியவை அந்தப் பக்கங்களில்தான் இருக்கின்றன. அவை அச்சில் வரவில்லை. அதனால் பக்கம் போனால் எழுத்தும் போனது.

எப்படிக் காணாமல் போகிறது?

தளமே மூடப்படுவது ஒரு வகை. 90-களில் தமிழ்ப் பக்கங்கள் பலவும் குடியிருந்த ஜியோசிட்டீஸை 2009 அக்டோபரில் யாஹூ மூடியது நினைவிருக்கலாம். ஆனால் அதிகம் கவனிக்கப்படாதது, பாதி உயிரோடு கிடக்கும் வலைப்பூக்கள்தான். பதிவு இருக்கும், படம் இருக்காது. காரணம், படத்தை வேறொரு இலவசத் தளத்தில் ஏற்றி இணைப்பு மட்டும் கொடுத்திருப்பார்கள். ஃபோட்டோபக்கெட் 2017-ல், வேறு தளங்களில் படம் காட்ட ஆண்டுக்கு 399 டாலர் கட்ட வேண்டும் என்று சொன்னபோது, உலகம் முழுக்க லட்சக்கணக்கான படங்கள் ஒரே நாளில் மறைந்தன. 2019 ஏப்ரலில் கூகுள் பிளஸ் மூடப்பட்டபோது, பிளாகரில் அந்த வசதி வழியாக வந்திருந்த பின்னூட்டங்களும் சேர்ந்து போயின. கும்மியின் ஒரு பகுதி அத்தோடு காலி.

சொந்த டொமைன் வாங்கியவர்களுக்கு இன்னொரு சிக்கல். புதுப்பிக்க மறந்தால் முகவரியை வேறு யாராவது வாங்கிவிடுவார்கள். நேற்றுவரை சங்க இலக்கியம் பேசிய முகவரியில் இன்று சூதாட்ட விளம்பரம் ஓடும்.

வாசகர்கள் போனதற்கும் ஒரு தேதி சொல்லலாம். பல வலைப்பூக்களை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1-ம் தேதி மூடப்பட்டது. படிக்க வந்துகொண்டிருந்தவர்கள் மெல்ல ஃபேஸ்புக் பக்கம் நகர்ந்தார்கள். ஃபேஸ்புக்கிலும்தான் எழுத்து இருக்கே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் 2012-ல் நண்பர் எழுதிய ஒரு குறிப்பைத் தேடி எடுத்துப் பாருங்கள், கஷ்டம் புரியும். வலைப்பூவில் ஆண்டு, மாதம் வாரியாகப் பக்கப்பட்டியில் எல்லாம் அடுக்கி இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் பழசுதான் பெட்டர்.

சரி, இப்போது என்ன செய்வது?

முதலில் உள்ளே நுழைய முடிகிறதா என்று பாருங்கள். 2 ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்பது 2023-ல் கூகுள் கொண்டுவந்த விதி. கணக்கே போய்விட்டால் அதன் பெயரில் இருக்கும் வலைப்பூவுக்கும் ஆபத்துதான். உள்ளே போனதும் கூகுள் டேக்அவுட் பக்கத்தில் பிளாகரைத் தேர்ந்தெடுத்துப் பதிவுகளைத் தரவிறக்கலாம். வேர்ட்பிரஸ் என்றால் 'டூல்ஸ்' பகுதியில் 'எக்ஸ்போர்ட்' இருக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: வேறு தளத்தில் ஏற்றிய படங்கள் இந்தக் கோப்பில் வராது. அவற்றைத் தனியாகச் சேமிக்க வேண்டும்.

அடுத்து, இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின். எந்தப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தாலும் இன்றைய தேதியில் ஒரு நகல் எடுத்து வைக்கும். இலவசம். ஏற்கெனவே அழிந்த பக்கம் என்றாலும் பழைய முகவரியைப் போட்டுப் பாருங்கள், அதிர்ஷ்டம் இருந்தால் கிடைக்கும். ஆனால் 2024 அக்டோபரில் அந்தத் தளமே சைபர் தாக்குதலில் சில நாட்கள் முடங்கியது. அதனால் ஒரு நகல் உங்கள் கணினியிலும் இருக்கட்டும்.

எழுதியவர் உயிரோடு இல்லாத வலைப்பூக்கள்? அப்பாவோ அண்ணனோ எழுதியது, பாஸ்வேர்ட் வீட்டில் யாருக்கும் தெரியாது என்றால் கூகுள் அதைக் கொடுக்காது. குடும்பத்தினர் உரிய ஆவணங்களோடு விண்ணப்பித்தால், சில நேரம் தரவுகள் கிடைக்கலாம். அதற்குக் காத்திருக்கும்போதே வேபேக் மெஷினில் பக்கங்களைப் பதிந்து வைக்கலாம், அதற்குப் பாஸ்வேர்ட் தேவையில்லை. இன்று எழுதிக்கொண்டிருப்பவர்கள், கூகுள் கணக்கின் 'இனாக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்' பகுதியில் 10 பேர் வரை பெயர் கொடுத்து வைக்கலாம். 3 முதல் 18 மாதம் வரை நீங்கள் குறிக்கும் காலம் கணக்கு அசையாமல் இருந்தால், அவர்களுக்குத் தகவல் போகும்.

சிலர் தெரிந்தே அழித்திருப்பார்கள். இருபது வயதில் எழுதிய காதல் கவிதை நாற்பதில் கூச்சமாக இருக்கலாம். அது அவர்கள் உரிமை, அதைத் தோண்டிப் பொதுவில் போட வேண்டாம்.

கடைசியாக, சொந்த டொமைன் வைத்திருப்பவர்கள் புதுப்பிப்பு அறிவிப்பு எந்த மின்னஞ்சலுக்கு வருகிறது என்று பார்த்துவிடுங்கள். அது பழைய அலுவலக முகவரியாகவோ, பாஸ்வேர்ட் மறந்துபோன யாஹூ கணக்காகவோ இருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.