கல்லூரி வாசலில் ஒரு ஜெராக்ஸ் கடை

உட்காருங்கள், டீ வரட்டும். நேற்று கேட்டீர்களே, "பொண்ண காலேஜ்ல சேர்க்க மூணு நாளா ஜெராக்ஸ் கடைக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலையறேன், அந்தக் கடையில அப்படி என்னதாங்க நடக்குது?" என்று. அதற்கு நின்றபடி பதில் சொல்ல முடியாது.

நம் பாப்பிரெட்டிப்பட்டி ஒரு வட்டத் தலைநகரம். வட்டாட்சியர் அலுவலகமும் இங்கேதான், அரசு கலை அறிவியல் கல்லூரியும் இங்கேதான். பொம்மிடி, கடத்தூர், பள்ளிப்பட்டிப் பக்கமிருந்து பேருந்து பிடித்து வரும் பிள்ளைகளில் பலர், தங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகும் முதல் ஆட்கள். அப்பாவுக்கு மரவள்ளிக்கும் மஞ்சளுக்கும் எப்போது தண்ணீர் விடவேண்டும் என்று தெரியும். இணைய விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் எதை நிரப்புவது என்று அவருக்குச் சொல்லித்தந்தவர் யாருமில்லை. அந்த இடத்தில்தான் ஜெராக்ஸ் கடை வந்து நிற்கிறது.

கல்லூரியைச் சுற்றி டீக்கடை, பேக்கரி, மெஸ், செல்போன் ரீசார்ஜ், சலூன் எல்லாம் இருக்கும். கல்லூரிக்கு ஒரு மாதம் விடுமுறை விட்டாலும் ஊர்க்காரர்களை வைத்து அவை ஓடிவிடும். ஜெராக்ஸ் கடைக்கு மட்டும் கல்லூரி நாட்காட்டிதான் பஞ்சாங்கம். மே, ஜூனில் சேர்க்கைக் கூட்டம். நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர் தேர்வு. அதற்கு முந்தைய வாரங்களில் நோட்ஸ் நகல், அசைன்மென்ட், ஸ்பைரல் பைண்டிங், புராஜெக்ட் என்று இரவு வரை வேலை இருக்கும். நடுவில் பல நாள் காற்று வாங்க வேண்டியதுதான்.

கடையில் இருக்கும் ஜெராக்ஸ் இயந்திரத்தையும் கொஞ்சம் பார்ப்போம். தாள் வெளியே வரும்போது கைக்குச் சூடாக இருக்கும், கவனித்திருப்பீர்கள். உள்ளே ஓர் உருளை இருக்கிறது. அதன்மேல் நிலைமின்சாரம் ஏற்றுவார்கள். சீப்பால் தலை வாரியபின் காகிதத் துணுக்கு ஒட்டிக்கொள்ளுமே, அதே மின்சாரம்தான். உங்கள் மார்க் ஷீட்டின் பிம்பம் உருளைமேல் விழும்போது, வெளிச்சம் பட்ட இடத்தில் மின்சாரம் வடிந்துவிடும். எழுத்து இருக்கும் கறுத்த இடத்தில் மட்டும் நிற்கும். கறுப்புப் பொடி அங்கே போய் ஒட்டும். பிறகு அது தாளுக்கு மாறி, சூட்டில் உருகிப் படிந்துவிடும். மையும் இல்லை, ஈரமும் இல்லை. ஐப்பசி அடைமழையில் தாள் ஈரம் குடித்திருந்தால் இயந்திரம் சிக்கிக்கொண்டு மக்கர் செய்யும்.

இதைக் கண்டுபிடித்தவர் செஸ்டர் கார்ல்சன் என்ற அமெரிக்கர். காப்புரிமை ஆவணங்களோடு மாரடிக்கும் வேலை அவருக்கு. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பக் கையால் படியெடுத்துச் சலித்தவர். 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில், கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து முதல் நகலை எடுத்தார். அலுவலகங்களில் சுலபமாகப் பயன்படுத்தும்படி ஒரு கருவி வர 1959 ஆகிவிட்டது. அதை விற்ற நிறுவனத்தின் பெயர்தான் ஜெராக்ஸ். நம் ஊரில் அந்தப் பெயரே வேலைக்கும் பெயராகிவிட்டது.

இப்போது கடைக்காரர் கணக்குக்கு வருவோம். பக்கத்துக்கு ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ வாங்குகிறார். 500 தாள் கொண்ட கட்டு, பொடி, அவ்வப்போது மாற்றவேண்டிய உருளை, மின்கட்டணம், வாடகை, பழைய இயந்திரத்தைப் பழுதுபார்க்கும் செலவு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு மிஞ்சுவது சில பைசாக்கள். அதை மட்டும் நம்பினால் குடும்பம் நடத்த முடியாது. அதனால்தான் கடையின் மூலையில் கணினி வந்தது. சேர்க்கை விண்ணப்பம், தேர்வுக் கட்டணம், ஹால் டிக்கெட், உதவித்தொகைப் பதிவு என்று வருமானம் நகலிலிருந்து விண்ணப்பத்துக்கு நகர்ந்துவிட்டது.

விண்ணப்பத்துக்குப் போகுமுன் நகலைப் பற்றி ஒன்று: நோட்ஸையும் புத்தகப் பக்கத்தையும் நகலெடுப்பது சட்டப்படி சரியா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ராமேஸ்வரி என்ற சின்ன ஜெராக்ஸ் கடைமேல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பதிப்பகங்கள் 2012-இல் வழக்குப் போட்டன. பாடத்துக்காகப் புத்தகப் பகுதிகளைத் தொகுத்துக் கொடுத்ததுதான் குற்றச்சாட்டு. 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. கற்பித்தலுக்காகப் படியெடுப்பதற்குப் பதிப்புரிமைச் சட்டமே இடம் கொடுக்கிறது என்பது தீர்ப்பின் சாரம். மேல்முறையீட்டு அமர்வும் டிசம்பரில் அந்தக் கருத்தையே ஏற்றது. விலைகொடுத்து வாங்க முடியாத புத்தகத்தின் நகலை நம்பிப் படிக்கும் பிள்ளைகள் பக்கம் நின்ற தீர்ப்பு அது. எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பும்கூட.

சரி, உங்கள் மூன்று நாள் அலைச்சலுக்கு வருகிறேன். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் கேட்டார்கள் இல்லையா? இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் ஒரு சான்றுக்கு 60 ரூபாய் கட்டணம். விண்ணப்பம் முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் போகும், பிறகு வருவாய் ஆய்வாளர், அதன்பின் வட்டாட்சியர் அலுவலகம். பழங்குடியினர் சான்று என்றால் அங்கேயே முடியாது. அதைக் கோட்டாட்சியர்தான் தரவேண்டும், நமக்கு அவர் அரூரில் இருக்கிறார். ஆகவே மலையடி ஊர்களின் பழங்குடிப் பிள்ளைகள் மற்றவர்களைவிட முன்னதாகவே தொடங்க வேண்டும். பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு விண்ணப்பித்தால் இந்த ஓட்டமே இருக்காது.

அரசு கலைக் கல்லூரிச் சேர்க்கைக்குச் சமீப ஆண்டுகளில் விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாயும் பதிவுக் கட்டணம் 2 ரூபாயும்தான். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 2 ரூபாய் மட்டும். ஐந்து கல்லூரிகள் வரை அதிலேயே கேட்கலாம். கடையில் கொடுக்கும் மீதிப் பணம் கடைக்காரர் உழைப்புக்கான கூலி. கூலி வாங்குவதில் தவறில்லை. ஆனால் எது அரசுக் கட்டணம், எது கூலி என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அரசுக் கல்லூரிகளிலேயே சேர்க்கை உதவி மையம் வைக்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

டீ ஆறுகிறது, குடியுங்கள். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான்.

விண்ணப்பம் ஒரு செல்போன் எண்ணைக் கேட்கும். பிள்ளையிடம் சொந்தப் போன் இல்லை, அப்பா காட்டில் இருக்கிறார், பின்னால் வரிசை நிற்கிறது. அவசரத்துக்குக் கடைக்காரர் தன் எண்ணையே போட்டுவிடுவார். கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் ஓ.டி.பி.யும் கலந்தாய்வு அழைப்பும் அதற்குப்பின் அவர் போனுக்குத்தான் வரும். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்குக் கலந்தாய்வுத் தேதி இப்படித்தான் கைநழுவியது. யாரோ ஒருவர் போனில் அந்தக் குறுஞ்செய்தி படிக்கப்படாமலே கிடந்தது. அடுத்த சுற்றுக்காக அவள் காத்திருந்த நாட்களில் அந்த வீடு பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

இன்னொன்று வங்கிக் கணக்கு. 2022 செப்டம்பர் 5-இல் புதுமைப்பெண் திட்டம் வந்தது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. இந்தப் பணம் ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்குக்கு வரும். ஆதார் நகலை வங்கியில் கொடுத்ததாலேயே பணம் அங்கே வந்துவிடாது. அரசுப் பணம் எந்த வங்கிக்குப் போகவேண்டும் என்று ஒரு பொதுப் பதிவேடு இருக்கிறது. அதில் ஓர் ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரே வங்கிதான் இருக்க முடியும், கடைசியாக இணைத்தது எதுவோ அதுதான் நிற்கும். சிம் வாங்கும்போது கேட்காமலே திறந்த ஒரு கணக்கு அங்கே போய் உட்கார்ந்துவிட்டால், பணம் அதற்குள் விழுந்துகொண்டிருக்கும். பிள்ளையோ பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் போட்டுப் பார்த்து, வரவில்லை என்று அழும். ஆதார் இணையதளத்திலேயே எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பார்க்கலாம். தவறாக இருந்தால் வங்கிக்குப் போய் 'ஆதார் சீடிங்' செய்யச் சொல்லிப் படிவம் கொடுத்தால் மாற்றித் தருவார்கள்.

ஜெராக்ஸ் கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. அந்த மூலைக் கணினி இல்லையென்றால் நம் பகுதிப் பிள்ளைகள் பலர் விண்ணப்பமே போட்டிருக்க மாட்டார்கள். அவரிடமே போங்கள், கூலியும் கொடுங்கள். ஆனால் உங்கள் பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்து அவள் கையாலேயே தட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் பக்கத்தில் நின்று சொல்லித் தரட்டும். அடுத்த வருடம் தம்பிக்கு அவளே போட்டுக்கொடுப்பாள்.

நாளைக் காலை போகும்போது உங்கள் போனை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள். எண் கேட்கும் கட்டத்தில் உங்கள் எண்ணைப் போடுங்கள்.