உஷ்ணத்தை இறைக்கும் யந்திரம்

சிகந்திராபாத்துக்கு வடகிழக்கே, கடல்மட்டத்துக்கு மேல் ஐந்நூறு மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், கருங்கற்பாறைகள் ஆங்காங்கே தலைநீட்டும் தக்காணப் பீடபூமியில், ராணுவ சேவையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட குடியிருப்பு சைனிக்புரி. மரநிழல் கவிந்த அதன் குறுக்குத் தெரு ஒன்றில் சித்திரை மாதத்து நண்பகலில், இருபுறத்து வீடுகளின் வெளிச்சுவர்களை மட்டும் கவனித்துக்கொண்டே நடக்கிறவருக்கு ஒரு விசேஷம் புலப்படும்: கீழ்த்தளத்து ஜன்னலையொட்டி, இரும்பு ஸ்டாண்டின்மேல் தகரக் கூலர் ஒன்று நீர் சொட்டிக்கொண்டிருக்கும், அதே வீட்டின் மாடிச்சுவரில் ஸ்பிளிட் ஏ.சி.யின் வெளிப்பெட்டி தெருப்பக்கம் அனலைத் தள்ளிக்கொண்டிருக்கும். ஒரே குடும்பம் இவ்விரண்டு சாதனங்களையும் வைத்துக்கொண்டிருப்பதற்குச் செல்வமோ சிக்கனமோ மாத்திரம் காரணமாகாது. இவ்வூர்க் காற்றின் சுபாவமே முதற் காரணம்.

மார்ச் மாதக் கடைசியிலிருந்து ஜூன் முற்பகுதி வரையில் ஹைதராபாத்தின் காற்று கொதிப்பதோடு வறண்டும் கிடக்கிறது. 1966-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் தேதி இந்நகரில் 45.5 டிகிரி பதிவாயிற்று. நாற்பதைத் தாண்டும் நாட்கள் இங்கே ஆண்டுதோறும் வருபவைதாம். இத்தகைய காற்றை நனைந்த தட்டியொன்றின் வழியே இழுத்துவிட்டால், நீர் ஆவியாவதற்கு வேண்டிய உஷ்ணத்தைக் காற்றே கொடுக்க நேர்ந்து, அதனால் அது தானே குளிர்ந்துவிடுகிறது. 40 டிகிரி உஷ்ணமும் 20 சதவிகித ஈரப்பதமும் உள்ள காற்று, எவ்வளவு நீரை ஏற்றாலும் கடைசியில் சென்று நிற்கக்கூடிய எல்லை சுமார் 22 டிகிரி. ஈரக்குமிழ் உஷ்ணநிலை என்று விஞ்ஞானிகள் சொல்வது இதுவே. நல்ல கூலர் அந்த எல்லையைத் தொடாவிட்டாலும், ஒரு சிறு பம்பையும் ஒரு விசிறியையும் மட்டும் கொண்டு 27, 28 டிகிரிக்குக் காற்றைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். ஜூன் மாதத்தில் பருவமழை வந்ததும் இந்த வித்தை பலிக்காது. 32 டிகிரி உஷ்ணத்தில் 70 சதவிகித ஈரம் இருக்குமானால் எல்லையே 27 டிகிரிக்கு ஏறிவிடுகிறது. கூலர் அறைக்குள் ஈரத்தைத்தான் நிரப்பும், வியர்வை உலராது. சென்னையில் பெரும்பாலும் இதே நிலை என்பதால்தான், அங்கிருந்து மாற்றலாகி வரும் தமிழர் கூலரை முதலில் அலட்சியமாகப் பார்க்கிறார். ஒரு மே மாதம் இங்கே கழிந்தபின் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்கிறார். ஜன்னலைத் திறந்துவைத்தால்தான் கூலர் வேலை செய்யும் என்பதையும், ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு அதன் தட்டிகளில் வெள்ளைப் பொருக்காகப் படிந்து அடைத்துக்கொள்ளும் என்பதையும் அனுபவம் கற்றுக்கொடுத்துவிடும்.

ஏ.சி. செய்கிற காரியம் முற்றிலும் வேறு. குளிர் என்று ஒரு வஸ்து உலகத்தில் இல்லை. அறையிலுள்ள உஷ்ணத்தை வெளியேற்றுவதைத்தான் நாம் குளிரூட்டுதல் என்கிறோம். நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாய்வதுபோல உஷ்ணமும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கே பாயும் இயல்புடையது. அதைத் திருப்பி, 25 டிகிரி அறையிலிருந்து 42 டிகிரித் தெருவுக்கு ஏற்ற வேண்டுமானால், ஏற்றம் இறைக்கிறவன் உடலுழைப்பைச் செலவிடுவதுபோல ஏதேனும் ஒரு சக்தியைச் செலவிட்டே தீரவேண்டும். இங்கே சால் வேலையைச் செய்வது, மெக்கானிக்குகள் 'கேஸ்' என்று பொதுவாகச் சொல்லும் திரவம். இப்போது புதிய ஏ.சி.க்களில் பெரிதும் வழங்கும் ஆர்-32 என்பது திறந்த வெளியில், பூஜ்யத்துக்குக் கீழே 52 டிகிரியிலேயே கொதித்துவிடக்கூடியது. அறைச்சுவரில் மாட்டிய பெட்டிக்குள், மெல்லிய அலுமினியத் தகடுகளினூடே வளைந்து வளைந்து செல்லும் செப்புக்குழாய்களில், வாயுமண்டல அழுத்தத்தைப்போல் பத்துப் பதினொரு மடங்கு அழுத்தத்தில் அது சுமார் 10 டிகிரியில் கொதித்து ஆவியாகிறது. கொதிப்பதற்கு வேண்டிய உஷ்ணத்தை அறைக்காற்றிடமிருந்து பறித்துக்கொள்கிறது. அந்த ஆவியை வெளிப்பெட்டியிலுள்ள கம்ப்ரெஸர் உறிஞ்சி, வாயுமண்டலத்தைப்போல் முப்பது மடங்கு அழுத்தத்துக்கு நெருக்குகிறது. நெருக்கப்பட்ட ஆவி தெருக்காற்றைவிடவும் சூடாகிவிடுகிறது. நுட்பம் இங்கேதான் இருக்கிறது: 50 டிகிரியில் நிற்கும் பொருளுக்கு 42 டிகிரிக் காற்று குளிர்ந்த காற்றேயாதலால், கண்டென்ஸர் குழாய்களில் உஷ்ணம் இயல்பாகவே வெளியே பாய்ந்துவிட, ஆவி மீண்டும் திரவமாகிறது. பிறகு நூலிழை போன்ற காபிலரி குழாயையோ எலக்ட்ரானிக் வால்வையோ கடக்கும்போது அழுத்தம் சட்டென்று இறங்கி, திரவம் குளிர்ந்து, அறைக்குத் திரும்புகிறது.

கம்ப்ரெஸர், கண்டென்ஸர், அழுத்தமிறக்கும் வால்வு, உள்ளேயுள்ள கூலிங் காயில் ஆகிய இந்நான்கும்தான் யந்திரத்தின் பிரதான உறுப்புகள்; மற்றவை பரிவாரங்கள். உள்ளுக்கும் வெளிக்கும் இடையே போகும் இரண்டு செப்புக்குழாய்களில் தடித்ததைக் குளிர்க்குழாய் என்றும் மெல்லியதைச் சூட்டுக்குழாய் என்றும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டு ஸ்பிளிட் ஏ.சி.க்களில் அழுத்தமிறக்கும் வால்வு பெரும்பாலும் வெளிப்பெட்டியிலேயே வைக்கப்படுவதால் இரண்டுமே குளிர்ந்திருக்கும். இரண்டுக்கும் கறுப்பு ஸ்பாஞ்சு உறை போடுவதன் காரணம் அதுவே. வடிகுழாயையும் கவனித்துப் பாருங்கள். ஏப்ரல் மாதத்தில் அதிலிருந்து எப்போதோ ஒரு துளி விழும். ஆகஸ்டில் வாளி நிரம்பும். அதே யந்திரம் வறண்ட பருவத்தில் காற்றைக் குளிர்விப்பதிலேயே தன் பலம் முழுவதையும் செலுத்துகிறது. மழைப்பருவத்தில் ஈரத்தைப் பிழிவதற்கு அதில் கணிசமான பங்கைக் கொடுத்துவிடுகிறது.

கடைக்காரர் முதலில் கேட்கும் கேள்வி "எத்தனை டன்?" என்பது. பெட்டியின் எடைக்கும் இந்த டன்னுக்கும் சம்பந்தமில்லை. யந்திரங்கள் வருமுன் குளிர்ச்சி என்பது கப்பலில் வந்த சரக்கு. 1833-இல் அமெரிக்க வியாபாரி பிரெடரிக் டியூடர் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு ஏரிப் பனிக்கட்டியை அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் 1842-இல் அதற்கென்று எழுந்த கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம் என்று பெயர் பெற்றிருப்பதும் அதுவே. 2000 பவுண்டு, அதாவது 907 கிலோ பனிக்கட்டி இருபத்துநான்கு மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு உஷ்ணத்தை உட்கொள்ளுமோ அவ்வளவை வெளியேற்றும் திறனே ஒரு டன். மின்சாரக் கணக்கில் ஏறத்தாழ மூன்றரை கிலோவாட். ஆகவே ஒன்றரை டன் ஏ.சி. ஐந்தேகால் கிலோவாட் உஷ்ணத்தை இறைக்கிறது. அதற்குச் செலவாகும் மின்சாரமோ ஒன்றரை கிலோவாட் அளவுதான். செலவிட்டதைப்போல் மூன்று நான்கு மடங்கு பலன் கிடைப்பது, உஷ்ணத்தைப் புதிதாக உண்டாக்காமல் இடம் மாற்றுவதனால்.

வகைகளைப் பற்றி நெடுக எழுத அவசியமில்லை. ஜன்னல் ஏ.சி.யில் எல்லா உறுப்புகளும் ஒரே பெட்டியில். விலை குறைவு, இரைச்சல் அதிகம். பல அறைகளுக்கு ஒரே வெளிப்பெட்டி வைக்கும் மல்ட்டி ஸ்பிளிட், உத்தரத்துக்கு மேலே காற்றுக்குழாய் ஓட்டும் டக்ட் ஏ.சி. முதலியவை பெரிய பங்களாக்காரர்களுக்கு உரியவை. சாமானியக் குடும்பத்துக்கு முக்கியமான பேதம் இன்வெர்ட்டர் உள்ளதா இல்லையா என்பதே. பழைய ஏ.சி.யின் கம்ப்ரெஸருக்கு முழுவேகம் அல்லது முழு ஓய்வு என்ற இரண்டே நிலைகள் உண்டு. 1981-இல் ஜப்பானில் தோஷிபா நிறுவனம் வீட்டு உபயோகத்துக்குக் கொண்டுவந்த இன்வெர்ட்டர் முறை, மோட்டாரின் வேகத்தையே தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கிறது. பாதி வேகத்தில் ஓடும்போது குழாய்களுக்குள் உஷ்ண வித்தியாசம் சிறுத்துவிடுவதால், இறைக்கிற ஒவ்வொரு பங்குக்கும் ஆகும் மின்சாரமும் குறைகிறது. 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரையுள்ள அறை ஏ.சி.க்கள் எல்லாம் 24 டிகிரியில் தொடங்கவேண்டுமென்று மத்திய அரசு விதித்ததும் இதே சாஸ்திரத்தைப் பற்றியது: ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் ஆறு சதவிகித மின்சாரம் மிச்சம் என்பது அரசின் மதிப்பு. மின்விசிறியும் சுழல, 26-இல் வைத்துத் தூங்குவது சைனிக்புரியில் எந்த விதத்திலும் தியாகமாகாது.

இதே யந்திரத்தைத் திருப்பி ஓட்டினால் அறையைச் சூடாக்கலாம். வில்லியம் தாம்ஸன், பின்னாளில் கெல்வின் பிரபு, 1852-இலேயே இதைக் கணக்கிட்டுக் காட்டினார். ஆஸ்திரியாவின் எபென்ஸீ உப்பாலையில் பீட்டர் ரிட்டிங்கர் 1856-இல் இத்தத்துவத்தைத் தொழிலில் பிரயோகித்தார். ஹீட் பம்ப் என்று ஐரோப்பாவில் இன்று வீடுதோறும் பேசப்படுவது இதுதான். கேஸ் ஓடும் திசையை மாற்றும் வால்வு ஒன்றைச் சேர்த்தால் ஏ.சி. ஹீட் பம்ப் ஆகிவிடுகிறது. நம் கடைகளில் 'ஹாட் அண்ட் கோல்டு' என்று விற்பது அந்த ரகமே. தை மாதத்து அதிகாலையில் சைனிக்புரியில் பன்னிரண்டு, பதினான்கு டிகிரி வரை இறங்குவதுண்டு. ஆனாலும் ஒரு கம்பளியில் அடங்கிவிடும் குளிருக்காக அதிக விலை கொடுப்பது வீண் என்பதே என் தீர்ப்பு. வெந்நீர் விஷயம் வேறு. சாதாரண கீஸர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் உஷ்ணத்துக்கு மேல் தரமுடியாது. ஹீட் பம்ப் வெந்நீர்ச் சாதனம் வெளிக்காற்றிலிருந்து உஷ்ணத்தை எடுத்து ஏறக்குறைய மூன்று யூனிட் தரும். உறைபனி நாடுகளில் அதன் குழாய்களில் பனி பிடித்து வேலை தடைப்படும். இங்கே அந்தத் தொல்லைக்கே இடமில்லை. மாடியில் சூரிய வெந்நீர்க் கலம் வைத்திராத கூட்டுக் குடும்பங்கள் இதை ஆலோசிக்கலாம்.

பழைய ஏ.சி.க்களில் இருந்த ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுப்பது. 1987-இன் மாண்ட்ரியல் உடன்படிக்கையில் பின்னர் செய்த திருத்தங்கள் அதை விலக்கத் தொடங்கின. அதன்பின் வந்த ஆர்-410ஏ ஓசோனுக்குத் தீங்கற்றதாயினும், கரியமில வாயுவைப்போல் இரண்டாயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது. ஆர்-32-க்கு அந்தக் கணக்கு 675. சில இந்திய ஏ.சி.க்களில் உள்ள புரோபேன், அதாவது ஆர்-290, மிகமிகக் குறைந்த தீங்குடையது. ஆனால் தீப்பற்றும், கைதேர்ந்தவர்களே தொடவேண்டும். 2016-இன் கிகாலித் திருத்தத்தின்படி 2032 முதல் ஆர்-410ஏ, ஆர்-32 போன்ற வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க இந்தியா ஒப்புக்கொண்டிருக்கிறது.

இறைப்பதற்கு முன்னால், உள்ளே வருவதைக் குறைப்பது உசிதம். மேல்தளத்து அறைக்கு ஒரு டன் போதாமல் ஒன்றரை டன் கேட்பது பெரும்பாலும் மொட்டைமாடியின் சூட்டினால்தான். தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக் கொள்கையொன்றை வெளியிட்டது. வெள்ளைப் பூச்சோ வெள்ளை ஓடோ வெயிலைத் திருப்பியனுப்பிவிட்டால் யந்திரத்துக்கு வேலை மிச்சம். சைனிக்புரிக்குத் தென்கிழக்கே போச்சாரத்தில் இன்போஸிஸ் நிறுவனம் ஒரே கட்டடத்தை இரு சமபாகங்களாக்கி, ஒரு பாகத்தில் வழக்கமான ஏ.சி.யும் மறுபாகத்தில் காங்கிரீட் தளத்துக்குள் குளிர்ந்த நீர் ஓடும் குழாய்களும் அமைத்துப் பரீட்சித்தது. முதல் இரண்டாண்டுகளில் நீர்க்குழாய்ப் பாகத்துக்கு 34 சதவிகிதம் குறைவாகவே மின்சாரம் ஆயிற்று. வீடுகளுக்கு இம்முறை இன்னும் எட்டாத தூரத்தில் இருக்கிறது; சுண்ணாம்பு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

கோடை பிறக்குமுன் வெளிப்பெட்டியின் தகடுகளைத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லுங்கள். அதன் முன்னால் செடித்தொட்டிகளை அடுக்கி அனல் போகும் வழியை மறிக்காதீர்கள். "கேஸ் குறைந்துவிட்டது, நிரப்பவேண்டும்" என்று எவரேனும் சொன்னால், உடனே சம்மதிக்காமல் ஒரு கேள்வி கேளுங்கள். மூடிய குழாய்களுக்குள் சுற்றிவரும் அந்தப் பொருள் பெட்ரோலைப்போல் எரிந்து தீர்வதில்லை. குறைந்திருக்குமானால் எங்கேயோ கசிகிறது. கசிவு எங்கே என்று காட்டி, அதை அடைத்து, வாக்குவம் பம்பினால் குழாயைச் சுத்தமாக வெறுமையாக்கியபின் எடைபோட்டு நிரப்புகிறவருக்கே பணம் கொடுங்கள்.