மூச்சை அடக்கக் கற்கும் நத்தை

ஒரு லிட்டர் பீக்கரில் பாதியளவு தண்ணீர். அதில் நைட்ரஜன் வாயுவைக் குமிழியிடச் செய்தால், கரைந்திருந்த ஆக்சிஜன் பெரும்பாலும் வெளியேறிவிடும். அதற்குள் விடப்படும் குளத்து நத்தை, லிம்னேயா ஸ்டாக்னாலிஸ், காற்றுக்காக நீர்மட்டத்துக்கு வந்து ஓட்டின் ஓரத்தில் இருக்கும் சுவாசத் துளையைத் திறக்கும். அந்தக் கணம் பார்த்து மெல்லிய மரக்குச்சியால் துளையின் விளிம்பை மாணவி மெதுவாகத் தொடுகிறாள். துளை சட்டென மூடிக்கொள்கிறது. திறக்கும்போதெல்லாம் இப்படித் தொட்டுவந்தால், சில சுற்றுகளுக்குப் பிறகு நத்தை துளையைத் திறப்பதையே குறைத்துக்கொள்கிறது. மூச்சு முட்டிப் போகாது. தோல் வழியாகவும் அதனால் சுவாசிக்க முடியும்.

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் கென் லுகோவியாக் குழுவினர் 1990களில் வகுத்த சோதனை இது. குச்சி, பீக்கர், கடிகாரம் இருந்தால் போதும் என்பதால் இளநிலை ஆய்வகத்துக்கு அப்படியே பொருந்துகிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது பக்கத்து பீக்கரில் இருக்கும் இரண்டாவது நத்தை. முதல் நத்தை தொடப்படும்போதெல்லாம் இதையும் தொடுவார்கள், இதன் துளை திறந்திருந்தாலும் சரி, மூடியிருந்தாலும் சரி. இரண்டும் வாங்கும் தொடுகை ஒரே எண்ணிக்கை. ஆனால் இரண்டாவது கற்பதில்லை. களைப்போ பயமோ அல்ல, செயலுக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பைத்தான் முதல் நத்தை பிடித்துக்கொண்டது என்று மாணவர்கள் தாங்களே நிறுவிவிடலாம்.

அடுத்து நுண்ணோக்கி. உணவுக்குழாயைச் சுற்றி வளையமாக இருக்கும் நத்தையின் மூளையில் சுமார் 20,000 நியூரான்கள்தான். சில செல்கள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலம், ஆரஞ்சு நிறம், எல்லா நத்தைகளிலும் ஏறக்குறைய அதே இடம். வரைபடத்தை வைத்துக்கொண்டு தேடிப் பிடித்து, கண்ணாடி மின்முனையை உள்ளே செலுத்தி மின்துடிப்பைப் பதிவுசெய்யலாம். எலி மூளையில் தொடக்க நிலை மாணவருக்கு இது எளிதில் கைகூடாது. கடல் நத்தையான அப்ளிசியாவை வைத்து நினைவை ஆராய்ந்த எரிக் காண்டெல், 2000இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதற்கும் இதுபோன்ற பெரிய செல்களே அடித்தளம்.

லிம்னேயாவின் சுவாசத் தாளத்தை எழுப்புவது மூன்றே நியூரான்கள். அவற்றைத் தனியே எடுத்து ஆய்வகத் தட்டில் வளர்த்தபோது அதே தாளம் மீண்டும் எழுந்ததை 1990இல் கால்கரி குழு காட்டியது. மூன்றில் ஒன்று டோபமைன் சுரப்பது. பயிற்சிக்கு முன்பே அதன் செல் உடலை அகற்றினால் நத்தை சுவாசிக்கிறது, கற்கவும் செய்கிறது. நீண்டகால நினைவு மட்டும் உருவாவதில்லை. நினைவு பதிந்த பிறகு அகற்றினாலோ, அந்த நினைவு அழியாமல் இருக்கிறது.