வைத்தியின் தரகு

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ நாவலை எழுதி வெளியிட்டார். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டுப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை வேரோடு பிடுங்கியாக வேண்டும் என்ற கோபத்தில் பிறந்த புத்தகம் அது. இருபது ஆண்டுகள் கழித்து, காவிரிப் படுகையின் ஆடற்குலத்துப் பெண் ஒருத்தியின் கதையைக் கொத்தமங்கலம் சுப்பு கலகலப்பாகச் சொன்னார். ‘கலைமணி’ என்ற புனைபெயரில், கோபுலுவின் ஓவியங்களோடு, 1957-58இல் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’தான் அது. அம்மையாரின் கோபத்தைச் சுப்புவின் சிரிப்பு நீர்த்துப்போகச் செய்துவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இளம்பெண்ணைத் தேடிப் புகழ் வரும்போது அதன் பின்னாலேயே யார் யார் வருகிறார்கள் என்பதை அந்தச் சிரிப்பைப்போல வேறெதுவும் நமக்குக் காட்டவில்லை என்றே நினைக்கிறேன்.

ஒரு சாதாரணப் பெண் ஒரே நாளில் ஊரறிந்தவளாகிவிடுவது இளம் வாசகர்களுக்கான நாவல்களில் அலுக்காத கதை. அமெரிக்க எழுத்தாளர் மெக் காபட் 2000இல் வெளியிட்ட ‘தி பிரின்சஸ் டைரீஸ்’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் பள்ளிக்குப் போய்வந்துகொண்டிருந்த மியா, தான் ஒரு குட்டி நாட்டின் இளவரசி என்று திடீரென அறிகிறாள். பாட்டி வந்து நடை, உடை, பேச்சு எல்லாம் பழக்குகிறாள். மியாவின் பெயரில் தானும் கொஞ்சம் வெளிச்சம் தேடிக்கொள்ளப் பார்க்கும் பள்ளிக்கூடப் பையனும் உண்டு. ஆனாலும் அவளுக்கு நேரும் தொல்லைகள் பெரும்பாலும் கூச்சமும் சங்கடமும்தான். அவள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்து, பெற்றவளிடம் விலைபேச அங்கே ஆள் இல்லை. சுப்புவின் நாயகி மோகனாவின் வீட்டுக்கு அப்படி ஓர் ஆள் வந்து போகிறான். அவன்தான் சவடால் வைத்தி.

கதையின் மேல்கட்டுமானம் இரண்டு மேளங்களின் போட்டி. நாகஸ்வரமும் தவிலும் பெரிய மேளம், சதிராட்டம் சின்ன மேளம் என்பது தஞ்சைப் பகுதி வழக்கு. சிக்கல் சண்முகசுந்தரத்தின் பெரிய மேளத்துக்கும் மோகனாவின் சின்ன மேளத்துக்கும் மூளும் வீம்பு காதலாகிறது. அடியில் ஓடுவது வேறொரு வியாபாரம். ஏ.பி. நாகராஜன் 1968இல் எடுத்த படத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். சிங்கபுரம் மைனரின் ஆசையை மோகனாவின் தாய் வடிவாம்பாளிடம் கொண்டுசேர்ப்பவன் வைத்தி. அது பலிக்காதபோது மதன்பூர் மகாராஜா வரை போகிறவனும் அவனே. அவனுக்கு மோகனா மீது ஆசையும் இல்லை, பகையும் இல்லை. அவளுடைய பெயர் எவ்வளவு தூரம் பரவுகிறதோ அவ்வளவு தூரம் அவனுடைய தரகும் நீள்கிறது. அவன் கையில் கத்தி இல்லை. வாயில் புகழ்ச்சி இருக்கிறது. நாகேஷ் அந்தப் பாத்திரத்தைச் சுமந்த விதத்தைப் பாருங்கள்: எந்தக் கல்யாண வீட்டிலும், எந்தக் கோயில் திருவிழாவிலும் முன்வரிசையில் ஓடியாடும் மனிதர்தான் அவர். சுப்பு இவனைக் கொடூரனாகப் படைத்திருந்தால், இப்படியொருவன் நம் ஊரில் இல்லை என்று வாசகர் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டியிருப்பார். கோமாளியாக்கியதால் அடையாளம் தெரிந்துவிட்டது.

மோகனா சாதாரணப் பெண்ணே அல்லவே, ஆட்டம் அவளுக்குப் பரம்பரைச் சொத்தாயிற்றே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் 1947ஆம் ஆண்டில் இருக்கிறது. அந்த ஆண்டு வந்த ஏவி.எம்.மின் ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே. பட்டம்மாளின் குரலுக்கு ஆடிய குமாரி கமலாவைத் தமிழ்நாடு தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. 1934இல் மாயவரத்தில் பிறந்தவர். கோயில் ஆடல் மரபுக்கு வெளியிலிருந்து வந்தவர். அவருக்குக் கற்றுத்தந்தவரோ அந்த மரபின் ஆசான் வழுவூர் இராமையா பிள்ளை. பெண்ணுக்கு நாட்டியம் சொல்லிவைப்பது நடுத்தர வீடுகளில் பெருமையாகத் தொடங்கியதில் கமலாவுக்குப் பெரும் பங்குண்டு. அதே 1947இல்தான் பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்யும் சட்டத்தைச் சென்னை மாகாணம் நிறைவேற்றியது. அவசியமான சட்டம், அதில் ஐயமில்லை. ஆனால் ஒரே ஆட்டம் ஒரு பெண்ணுக்கு மாலையும் இன்னொரு பெண்ணுக்குக் குறுக்குவிசாரணையும் ஆனதை அந்தச் சட்டத்தால் தடுக்க முடியவில்லை. சுப்பு பத்தாண்டு கழித்து மோகனாவைக் கதாநாயகியாக்கியபோது, அந்தக் குறுக்குவிசாரணைக்கு உட்பட்டவளைத்தான் விகடன் போகும் வீடுகளில் எல்லாம் நம் வீட்டுப் பெண்ணாக உட்காரவைத்தார். ஒருவனையே விரும்புகிறாள், கௌரவமாக வாழக் கேட்கிறாள், தாயை எதிர்த்து நிற்கிறாள். இதைவிடச் சாதாரணமான ஆசை எந்தப் பெண்ணுக்கு உண்டு?

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. சிரிக்கவைத்தவனை நாம் மன்னித்துவிடுகிறோம். இன்றைக்கும் வைத்தியின் பேச்சைப் போலப் பேசிக்காட்டி மகிழ்கிறோமே ஒழிய, அவன் செய்த தொழிலை நினைப்பதில்லை என்பது. இதை என்னால் முழுக்க மறுக்க முடியாது. அம்மையாரின் நாவலைப் படித்து முடித்த எவரும் தரகனை ரசித்திருக்க மாட்டார்கள். அந்த வகையில் அவருடைய கோபம் சுப்புவின் சிரிப்பைவிட நேர்மையானது. ஆனால் கோபமாக எழுதிய புத்தகம் ஏற்கெனவே கோபத்தில் இருப்பவர்களையே முதலில் சென்றடைகிறது. வாரப் பத்திரிகைத் தொடரோ வடிவாம்பாள்கள் இருந்த வீடுகளுக்குள்ளும் போயிருக்கும்.

என் குறை வேறு இடத்தில். வைத்தியை இவ்வளவு கூர்மையாகப் பார்த்த கதை, புகழ் கடைசியில் யாருடையது என்று கேட்காமலே நின்றுவிடுகிறது. ‘தில்லானா மோகனாம்பாள்’ என்ற பட்டத்தைப் படத்தில் அவளுக்குச் சூட்டுபவர் சண்முகசுந்தரம். அன்போடுதான் சூட்டுகிறார், ஆனாலும் அது அவர் கொடுத்த பெயர். படம் திருமணத்தோடு முடிகிறது. தாயின் கையிலிருந்தும் தரகனின் கையிலிருந்தும் மீண்ட மோகனாவின் புகழ் கணவனின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. அதற்குப் பிறகு அவள் ஆடினாளா, கச்சேரிக்கு அச்சாரத்தை யார் வாங்கினார்கள் என்பது அந்தப் படத்துக்கு வேண்டாத கேள்வி. பதினைந்து, பதினாறு வயதுப் பெண்கள் கைப்பேசிக் காணொளி ஒன்றால் ஒரே இரவில் பெயர் பெற்றுவிடும் இந்தக் காலத்தில், அவர்களுக்காகத் தமிழில் எழுத வருகிறவர்கள் அந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மூவலூர் அம்மையாரின் பெயரில் தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய ‘புதுமைப் பெண்’ திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அது அவளுடைய சொந்த வங்கிக் கணக்குக்கே நேராகப் போகிறது.