மகாராணியின் கழுத்துப்பட்டையில் ஒரு மளிகைக் கணக்கு

சரித்திரப் படம் பார்க்கும்போது நடிகையின் உடையையும் சிகை அலங்காரத்தையும் எல்லோரும் ரசிக்கிறோம். அந்த உடைக்குப் பின்னால் எத்தனை சரக்கு, எத்தனை சட்டம் நிற்கிறது என்று வியாபாரியின் கண்கொண்டு பார்ப்பவர்கள் குறைவு. அப்படிப் பார்க்கத் தகுந்தது, இங்கிலாந்து மகாராணி முதலாம் எலிசபெத்தாக நடிகை கிளெண்டா ஜாக்சன் ஏற்ற வேடம்.

கிளெண்டா, கொத்தனார் ஒருவரின் மகள். நடிப்புப் பள்ளியில் சேரும் முன் இரண்டு ஆண்டுகள் 'பூட்ஸ்' மருந்துக் கடையில் வேலை பார்த்தவர். 1971-இல் பி.பி.சி. தொலைக்காட்சி ஆறு பகுதிகளாக ஒளிபரப்பிய 'எலிசபெத் ஆர்' தொடரில் மகாராணியாக நடித்தார். அதே ஆண்டு 'மேரி, ஸ்காட்லாந்து ராணி' திரைப்படத்திலும் அதே வேடம்!

அக்காலத்தில் அகன்ற நெற்றிதான் அழகு. அதற்காக கிளெண்டா தம் முன்தலை முடியை உண்மையாகவே மழித்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 34. இளம்பெண் முதல் 69 வயதுக் கிழவி வரை அவரே நடித்தார். வயது ஏற ஏற சிவப்பு 'விக்' உயர்கிறது, முகப்பூச்சு வெளுக்கிறது, கழுத்துப்பட்டை விரிகிறது. பழைய ஓவியங்களைப் பார்த்து உடைகளை வடிவமைத்த எலிசபெத் வாலருக்கு 1972-இல் எம்மி விருது கிடைத்தது.

இனி சரக்குக்கு வருவோம்.

முகத்தின் வெள்ளைப்பூச்சு நாடகத்தில் வெறும் ஒப்பனை. ஆனால் அக்காலத்துச் சீமாட்டிகள் பூசியது, ஈயத்தைக் காடியின் ஆவியில் வைத்து எடுத்த வெள்ளைப் பொடி. அழகுக்குப் பூசிய நஞ்சு!

ஊதாப் பட்டையும் பொன்சரிகைத் துணியையும் எல்லோரும் உடுத்திவிட முடியாது. அரச குடும்பத்தாரும் உயர்குடிப் பிரபுக்களும் மட்டுமே உடுத்தலாம் என்று 1574-இல் அரசாணை வந்தது. அயல்நாட்டுத் துணிக்காக நாட்டுப் பணம் வெளியே போகிறது என்பது அதற்குச் சொன்ன காரணங்களுள் ஒன்று.

மடிப்பு மடிப்பாக நிற்கும் அந்தக் கழுத்துப்பட்டையோ கஞ்சி இல்லாமல் நிற்காது. 1564-இல் நெதர்லாந்துப் பகுதியிலிருந்து வந்த டிங்கன் என்ற பெண்மணி, லண்டனில் கஞ்சி போடும் தொழிலைக் கற்றுக்கொடுத்தார். அதற்கு நான்கைந்து பவுன் கட்டணம் வாங்கினார் என்று அக்கால வரலாற்று நூல் கூறுகிறது. கஞ்சிமாவுக்கு மூலப்பொருள் கோதுமை. 1594 முதல் தொடர்ந்து விளைச்சல் பொய்த்தபோது, வயிற்றுக்குப் போகவேண்டிய தானியம் கழுத்துக்குப் போகிறதே என்ற குமுறல் எழுந்தது.

அதைவிடப் பெரிய குமுறல் வேறொன்று. கஞ்சிமாவு செய்யவும் விற்கவும் ஒருவருக்கு மட்டும் ஏகபோக உரிமை தரப்பட்டிருந்தது. உப்பு, காடி, சீட்டுக்கட்டு என்று இப்படிப் பல சரக்குகள். உரிமை பெற்றவர் வைத்ததே விலை. 1601 நவம்பரில் நாடாளுமன்றத்தில் அந்தப் பட்டியலைப் படித்தபோது, ரொட்டி அதில் இல்லையா என்று ஓர் உறுப்பினர் குத்தலாகக் கேட்டார். நிலைமையை உணர்ந்த மகாராணி, அதே மாதம் உப்பு, காடி, கஞ்சிமாவு உள்ளிட்ட பல உரிமைகளை ரத்து செய்தார்.

ஆனால் ஒன்று தப்பியது. 1600 டிசம்பர் 31-இல் அவர் கையெழுத்திட்ட சாசனம், கீழை நாட்டு வாணிபத்தை 15 ஆண்டுகளுக்கு லண்டன் வணிகர் குழு ஒன்றுக்கு மட்டுமே வழங்கியது. அதுதான் கிழக்கிந்தியக் கம்பெனி! மிளகு தேடிப் புறப்பட்ட அக்கம்பெனி 1639-இல் சென்னையில் இடம் பெற்றது. பின்பு நடந்ததை நாம் அறிவோம்.

கிளெண்டா 1992 முதல் 2015 வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து, 2023-இல் மறைந்தார். அவர் அணிந்த கழுத்துப்பட்டையைத் திரையில் காண நேர்ந்தால், அழகை ரசியுங்கள். கூடவே கணக்கையும் பாருங்கள். ஒரு சரக்கு ஒரே கைக்குள் போனால், முதலில் தவிப்பவர் வாங்குபவர். அடுத்துத் தவிப்பவர் சில்லறைக் கடைக்காரர். உப்பிலும் கஞ்சியிலும் பலர் கூடிக் கேட்டதால்தான் அரசியே இறங்கி வந்தார் என்பதை நாம் மறக்கலாகாது.