காகிதப் பாலம்

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் பங்கைச் சேர்ந்த சில குடும்பங்கள் கட்டுச்சோற்றுடன் மண்டபம் கடற்கரைக்குச் சென்றிருந்தோம். பகலுணவு முடிந்து பெரியவர்கள் நிழலில் சாய்ந்த வேளையில், உடன் வந்த ஆசிரியர் ஒருவர் பிள்ளைகளை அழைத்தார். இரண்டு முக்காலிகளை ஒரு முழ இடைவெளியில் நிறுத்தினார். ஆளுக்கு நான்கு பழைய செய்தித்தாள்களும் சிறிது நூலும் கொடுத்தார்.

"இவற்றின்மீது பாலம் அமையுங்கள். நடுவில் இந்தச் சிரட்டையை வைத்துக் கூழாங்கற்களை இடுவேன். எவர் பாலம் மிகுதியாகத் தாங்குகிறதென்று பார்ப்போம்" என்றார்.

எங்கள் ஒன்பது வயது மகளும் சேர்ந்துகொண்டாள். கணக்கென்றாலே கண்கலங்குபவள் அவள். தோற்றுவிடுவாளோ என்ற அச்சம் அவளைவிட எனக்கே அதிகம். தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தாள். சிரட்டையை வைத்ததும் பாலம் தொய்ந்து மணலில் விழுந்தது. பிள்ளைகள் சிரித்தனர். நான் விரைந்து சென்று தாளை வாங்கக் கை நீட்டினேன்.

"வேண்டாம் அப்பா, நானே செய்கிறேன்."

"உட்காரப்பா. நீ செய்தால் அது உன் பாலம்" என்றார் என் தாயார். வெட்கத்துடன் அமர்ந்தேன்.

மகளின் பார்வை பாட்டியின் கையிலிருந்த பனையோலை விசிறியில் விழுந்தது. அதன் மடிப்புகளை விரலால் தடவிப் பார்த்தாள். பின்னர் தாள்களையும் அவ்வாறே மடித்து நூலால் கட்டினாள். பாலம் நின்றது! இருபத்துமூன்று கற்களைத் தாங்கிற்று. தாள்களைக் குழல்களாகச் சுருட்டிக் கட்டிய சிறுவன் ஒருவனின் பாலமோ முப்பதைத் தாங்கிப் பரிசு பெற்றது.

ஆசிரியர் விளக்கினார்: "தட்டையான தாளுக்கு உயரமில்லை, ஆகவே வளைகிறது. மடித்தால் அதே தாள் உயரம் பெற்று விறைப்பாக நிற்கிறது. ரயில் பாலங்களின் இரும்பு உத்திரங்களை உயரமாக அமைப்பதும் இதற்காகவே."

1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலம் 1964 டிசம்பர்ப் புயலில் சிதைந்ததையும், பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் அது சீரானதையும் கூறினார். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி, கப்பல்களுக்கு வழிவிட அப்படியே மேலே உயரும் என்றபோது பிள்ளைகள் வாய்பிளந்து கேட்டனர்.

திரும்பும் வழியில் என் மகள் பரிசைப் பற்றிப் பேசவே இல்லை. "இடைவெளி இரண்டு முழமானால் எத்தனை மடிப்பு வேண்டும், அப்பா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கணக்குக்கு அஞ்சிய பிள்ளைதான் அவள்!

பெற்றோரே, பழைய செய்தித்தாளும் நூலும் இல்லாத வீடு ஏது? வரும் விடுமுறையில் உங்கள் பிள்ளைகளிடம் அவற்றைக் கொடுத்துப் பாருங்கள். முதல் பாலம் விழும், விழட்டும். அப்போது நம் கை முந்தாதிருப்பதே நாம் செய்யும் உதவி.