காலி தோட்டாவிலிருந்து ஒரு குண்டு: ஸ்வேஜிங் கற்றவர்களின் கதை

துப்பாக்கி சுடுதல் பத்தி யூடியூப்ல வீடியோ பார்க்கிறவங்க ஆர்சிபிஎஸ்னு ஒரு பச்சை கலர் மெஷினைக் கவனிச்சிருப்பீங்க. அந்த நாலு எழுத்துக்கு விரிவாக்கம், 'ராக் சக் புல்லட் ஸ்வேஜ்'. ராக் சக்னா மேற்கு அமெரிக்க மலைகள்ல வாழுற ஒரு கொறி விலங்கு, அணில் குடும்பம். புல்லட் ஸ்வேஜ்னா குண்டை அழுத்தி உருவாக்குற அச்சு. இன்னைக்கு எபிசோட் இந்த ஸ்வேஜிங் பத்திதான்.

முதல்ல ஒரு வார்த்தைக் குழப்பத்தைத் தீர்த்துடறேன். தோட்டா வேற, குண்டு வேற. உறை, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது தோட்டா. பறந்து போற உலோகத் துண்டு மட்டும்தான் குண்டு. நான் பேசப்போறது குண்டு பத்தி மட்டும்.

இரண்டாம் உலகப்போர் நேரம். செம்பு, ஈயம் எல்லாம் ராணுவத்துக்குப் போகுது. அமெரிக்காவுல வேட்டைக்காரங்களுக்குக் கடையில குண்டு கிடைக்கல. ஆனா பாயிண்ட் 22 ரிம்ஃபயர் தோட்டாவோட காலிப் பித்தளை உறைகள் சுடுதளங்கள்ல கொட்டிக் கிடந்துச்சு. அந்த உறையோட அகலமும், வேட்டைக்குத் தேவையான பாயிண்ட் 224 அங்குல குண்டோட அகலமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். 1943ல, கலிபோர்னியாவின் ஓரோவில் ஊர்ல ஃப்ரெட் ஹண்டிங்டன் இதுக்கான அச்சுகளைச் செய்ய ஆரம்பிச்சார். ஆர்சிபிஎஸ் பிறந்தது அப்படித்தான். வெர்னன் ஸ்பியர், ஜாய்ஸ் ஹார்னடினு பின்னாடி பெரிய கம்பெனி நடத்தின ரெண்டு பேருமே இதே காலி உறையில குண்டு செஞ்சவங்கதான்.

செய்முறையோட அடிப்படை ரொம்ப எளிமை. உறையோட விளிம்பை நீவி எடுத்து, ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி ஆக்குவாங்க. அதுக்குப் பேர் ஜாக்கெட். உள்ளே ஈயத் துண்டு வைப்பாங்க. ஒரு கெட்டி எஃகு அச்சுக்குள்ள வச்சு, பிரஸ்ஸால அழுத்துவாங்க. சூடு கிடையாது, உருக்கல் கிடையாது. இங்கே ஈயம்னு சொல்றது காரீயம். நம்ம வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுற வெள்ளீயம் வேற.

சரி, புதுசா கத்துக்கிறவங்க எங்கே தடுக்கி விழுறாங்க?

முதல் தப்பு, பெரிய குண்டைச் சின்ன ஓட்டையில தள்ளிச் சுருக்கப் பார்க்கிறது. பித்தளைக்கு ஒரு குணம் உண்டு. அழுத்தி விட்டதும், கொஞ்சூண்டு பழைய அளவுக்கே திரும்பப் பார்க்கும். ஈயத்துக்கு அந்தக் குணம் கிட்டத்தட்ட இல்லை. சுருக்கினா என்ன ஆகும்? ஜாக்கெட் வெளிப்பக்கம் விரியும், ஈயம் அப்படியே நிக்கும், நடுவுல இடைவெளி விழும். அதனாலதான் எல்லாத்தையும் கொஞ்சம் சின்னதா ஆரம்பிச்சு, உள்ளேயிருந்து விரிய வைக்கணும். அப்போ ஜாக்கெட் திரும்பிச் சுருங்கப் பார்க்கும், ஈயத்தை இறுக்கிப் பிடிச்சுக்கும்.

பிடி தளர்ந்தா என்ன ஆயிடும்னு கேக்கலாம். வேகமான ரைஃபிள்ல இருந்து வெளிய வர்ற குண்டு நிமிஷத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல சுழலும். உள்ளே ஈயம் நழுவினா குண்டு தள்ளாடும், குறி தப்பும்.

ரெண்டாவது தப்பு, எண்ணெயைத் துடைக்காம விடறது. அச்சுல சிக்காம இருக்க எண்ணெய் தடவித்தான் ஆகணும். ஆனா அது ஈயத்துக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவுல மாட்டினா, மேலே சொன்ன அதே நழுவல்தான்.

மூணாவது, எடை. ஈயத் துண்டுகளைக் கையால வெட்டினா ஒண்ணு போல வராது. அதுக்காகவே ஒரு தனி அச்சு உண்டு. முறுக்கு அச்சுல மாவு வர்ற மாதிரி, கூடுதல் ஈயம் ஊசி ஓட்டை வழியா கம்பியா வெளிய வந்துடும். உள்ளே மிஞ்சுற துண்டுகள் எல்லாம் ஒரே எடை. அவசரக்காரங்க இந்தப் படியைத் தாண்டிடுவாங்க. அப்புறம் ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு இடத்துல போய் விழும்.

நாலாவது, பலம். மூடின அச்சுக்குள்ள ஈயத்துக்குப் போக வேற இடம் இல்லை. நெம்புகோலை இன்னும் இன்னும்னு அழுத்தினா குண்டு நல்லா வராது, அச்சுதான் விரிசல் விடும்.

கடைசித் தப்புதான் ரொம்ப மோசமானது: ஈயத்தைத் தொட்ட கையோட சாப்பிடறது. உருக்கலை, புகை இல்லைங்கிறதால பயம் விட்டுப்போயிடுது. ஆனா ஈயத்தூள் விரல்லயும் சட்டையிலயும் ஒட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள வரும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு தெரியலைன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. அதிக பாதிப்பு சின்னக் குழந்தைகளோட மூளைக்குத்தான். பழுத்த அனுபவசாலிங்க சமையலறை மேஜையில இந்த வேலையைச் செய்யவே மாட்டாங்க.

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். அமெரிக்காவுல இது ஒரு பொழுதுபோக்கு. இந்தியாவுல 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கிறது குற்றம். தோட்டாவோட பாகங்களும் அந்தச் சட்டத்துக்குள்ளதான் வருது. அதனால இதைக் கேட்டுட்டு யாரும் பிரஸ் தேடிக் கிளம்பிடாதீங்க.

ஆனா இதுல இருக்கிற பாடம் எந்தப் பட்டறைக்கும் பொருந்தும். உலோகத்தை எவ்வளவு பலமா அழுத்துறோம்ங்கிறதை விட, கையை எடுத்ததும் அது எந்தப் பக்கம் திரும்பும்னு தெரிஞ்சு வச்சிருக்கிறதுதான் தொழில். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!